வீட்டுக்குள் ஒரு பெர்மிட் ரூம்

மகாராஷ்டிரத்தில் சட்டத்துக்கு உட்பட்டு மது அருந்த விரும்பும் ஒருவர் முதலில் ஓர் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 ரூபாய், ஓராண்டுக்கு 100 ரூபாய், வாழ்நாள் முழுமைக்கும் 1,000 ரூபாய் என்ற கட்டணத்தில் நெடுங்காலமாக வழங்கப்பட்டுவரும் சீட்டு அது. அதை வைத்திருப்பவர் தம் உடல்நலத்தைப் பேணிக் காத்துக்கொள்ளும் பொருட்டு மதுவைப் பயன்படுத்த வேண்டியவராக இருக்கிறார் என்ற பொருள்படும் வாசகம் ஒன்று அந்தத் தாளில் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதுவை முதல் வகைப் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்தது 1988இல். உடல்நலத்துக்குத் தீங்கற்ற மது அளவு என்று எதுவுமில்லை என்று அதே நிறுவனம் அறிவித்தது 2023 ஜனவரியில். இத்தனைக்குப் பிறகும் உடல்நலத்துக்காகக் குடிப்பவர் என்ற சட்டப் புனைவு அசையாமல் நிற்கிறது. புணேயின் மதுக்கூடங்கள் இன்றும் தம் பெயர்ப்பலகையில் 'பெர்மிட் ரூம்' என்று எழுதிக்கொள்வது இந்தப் புனைவின் எச்சமே. அனுமதிச்சீட்டு உள்ளவர் உட்கார்ந்து குடிக்கும் அறை என்பது அதன் நேர்ப்பொருள்.

அந்த அறை இப்போது வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது. பாணேர், கராடி, ஹிஞ்சவடி பக்கத்து அடுக்ககங்களில் வரவேற்பறையின் ஒரு மூலையில் உயர்ந்த முக்காலிகளும், கண்ணாடி அலமாரியும், அடியில் மஞ்சள் விளக்கும் வைத்து 'மினி பார்' அமைப்பது உள்ளக வடிவமைப்பாளர்களின் வழக்கமான பரிந்துரைகளுள் ஒன்றாகிவிட்டது. அறுபதுகளின் தமிழ்த் திரைப்படங்களில் வளைந்த மாடிப்படியும், இரவு அங்கியும், வீட்டுக்குள் மதுமேடையும் இருந்தால் அந்த வீட்டுக்காரர் பணக்காரர், பெரும்பாலும் கெட்டவர் என்று பார்வையாளருக்கு விளங்கிவிடும். இன்று அந்த மேடை மாதத் தவணையில் கிடைக்கிறது. கெட்டவர் என்ற பொருள் மட்டும் கழன்றுவிட்டது. ஆகவே 'வீட்டில் பார் வைத்துக்கொள்வது பயனுள்ளதா?' என்ற கேள்வி இன்று ஒழுக்கக் கேள்வியாக எழுவதில்லை. செலவுக்கு ஈடான பயன் உண்டா என்ற கணக்குக் கேள்வியாகவே எழுகிறது. அந்தக் கணக்கிலேயே அது தேறாது என்பதும், கணக்குக்கு வெளியே விடப்பட்டவர்கள்தாம் உண்மையில் அதன் விலையைக் கொடுக்கிறார்கள் என்பதும் இங்கே முன்வைக்கப்படும் கருத்து.

சிறிது வரலாறு பார்த்துவிடுவது நல்லது. இன்று மகாராஷ்டிர மதுவிலக்குச் சட்டம் என்று பெயர் மாற்றப்பட்டிருப்பது 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம்தான். மொரார்ஜி தேசாய் அப்போது மாகாண உள்துறை அமைச்சர். 1950இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்த்த பல்சாரா வழக்கில் 1951இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அரசியலமைப்பின் 47ஆம் பிரிவைச் சுட்டி, சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்றது. மது கலந்த மருந்துகளையும் ஒப்பனைப் பொருள்களையும் தடுத்த விதிகளையும், மதுவைப் புகழ்ந்து பேசுவதையே குற்றமாக்கிய விதிகளையும் நீக்கியது. மதுவைப் புகழ உரிமை உண்டு, குடிக்க உரிமை இல்லை என்ற விசித்திரமான நிலை அதனால் உருவானது. கல்விப்புலத்தார் பலர் இன்றும் இதற்கு நேர்மாறான நிலையில் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.

கடைகள் மூடப்பட்டபோது பம்பாயில் வீடுகள் திறந்தன. 'ஆன்ட்டி' என்று வாடிக்கையாளர்களால் அழைக்கப்பட்ட பெண்கள், பெரும்பாலும் கோவா வழிவந்த கிறித்தவப் பெண்கள், தம் வீட்டு முன்னறையில் காய்ச்சிய சாராயத்தை விற்றார்கள். வீட்டு மதுக்கூடம் என்பது இந்த மாநிலத்தில் முதலில் ஆடம்பரமாக வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வருமானத்துக்காகத் தன் வீட்டையே கடையாக்கிக்கொண்ட பெண்ணின் பிழைப்பாகத்தான் அது வந்தது. அங்கே யாருக்கு ஊற்றுவது, யாரை எழுப்பி அனுப்புவது என்பதை முடிவு செய்தவர் வீட்டுக்காரி. 1960களின் முற்பகுதியில் அனுமதிச்சீட்டு தளர்த்தப்பட்டு மதுக்கூடங்கள் சட்டத்துக்குள் வந்தபின் அந்த முன்னறைகள் மெல்ல மறைந்தன. இன்றைய வீட்டு பாரில் முடிவெடுப்பவர் வீட்டுக்காரர். பெயர் ஒன்றுபோல் தோன்றினாலும் இரண்டும் ஒரே வகைப் பொருளல்ல.

புணேவுக்கு இன்னொரு கிளைக்கதையும் உண்டு. தென்னகப் படைத்தலைமையகம், கடக்வாஸ்லாவின் தேசியப் பாதுகாப்புக் கழகம், கட்கியிலும் தேஹு ரோடிலும் உள்ள வெடிமருந்துத் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் என்று படையைச் சுற்றியே ஒரு பாதி நகரம் வளர்ந்தது. தமிழ்க் குடும்பங்கள் பல இங்கு வந்ததும் அந்த வழியாகத்தான். கேன்டீன் ஒதுக்கீட்டில் வரும் ரம் புட்டியை ஓய்வுபெற்ற படைவீரர் வீட்டு அலமாரியில் காண்பது இந்த ஊரில் வியப்பில்லை. வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு அது விடுமுறைப் பெட்டியில் பயணம் செய்து, மாமனுக்கும் மச்சானுக்கும் பங்கு பிரிக்கப்பட்டு, இரண்டு நாளில் தீர்ந்துவிடும். ஒதுக்கீடு என்பதால் அளவு உண்டு. பங்கு என்பதால் முடிவும் உண்டு. அலமாரியில் இருக்கும் ஒரு புட்டிக்கும் அலமாரிக்கென்றே கட்டப்பட்ட பாருக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. புட்டி தீர்ந்தால் அலமாரியில் ஊறுகாய் வைக்கலாம். பாருக்கு எப்போதும் நிறைந்திருக்க வேண்டிய கட்டாயம் உண்டு.

இனிக் கணக்கு. வீட்டில் குடிப்பது மலிவு என்பதே ஆதரவாளர்களின் முதல் வாதம். அண்மைக்காலத்தில் அதற்கு அரசே வலுச் சேர்த்திருக்கிறது. மகாராஷ்டிரத்தில் பெர்மிட் ரூம்களில் பரிமாறப்படும் மதுவின் மீதான மதிப்புக்கூட்டு வரி 2023 நவம்பரில் 5 விழுக்காட்டிலிருந்து 10 ஆனது. 2025 ஜூனில் இந்தியாவில் தயாராகும் அயல்நாட்டு வகை மதுவுக்கான ஆயத்தீர்வை, உற்பத்திச் செலவின் 3 மடங்கிலிருந்து 4.5 மடங்காக உயர்ந்தது. உரிமக் கட்டணமும் ஏறியது. 2025 ஜூலை 14 அன்று மாநில மதுக்கூட உரிமையாளர்கள் ஒருநாள் கடையடைப்பு நடத்தினார்கள். மதுக்கூடத்தில் ஒரு கோப்பைக்குக் கொடுக்கும் விலையில் கடையில் பல கோப்பை அளவு வாங்கலாம் என்பது உண்மைதான்.

ஆனால் இந்தக் கணக்கு, ஒருவர் இரண்டு இடங்களிலும் ஒரே அளவு குடிப்பார் என்ற எடுகோளின்மேல் நிற்கிறது. மதுக்கூடத்தில் 30 மில்லி அல்லது 60 மில்லி என்று அளந்து ஊற்றுகிறார்கள். ஒவ்வொரு முறையும் விலை எழுதப்படுகிறது. விளக்கை அணைக்கும் நேரம் ஒன்று உண்டு. 750 மில்லி புட்டியில் 60 மில்லியாகப் பன்னிரண்டரைக் கோப்பை இருக்கிறது என்று வீட்டில் எவரும் எண்ணுவதில்லை. கை ஊற்றுவதுதான் அளவு. மதுவை வாங்கிச் சேமிப்போரின் மனக்கணக்கை எல்தார் ஷஃபீரும் ரிச்சர்ட் தேலரும் 2006இல் ஓர் ஆய்வுக்கட்டுரையில் எடுத்துக்காட்டினார்கள். வாங்கும்போது அது செலவாகத் தோன்றாது, ஏதோ முதலீடுபோலத் தோன்றும். குடிக்கும்போது ஏற்கெனவே பணம் கொடுத்தாகிவிட்டதால் இலவசமாகத் தோன்றும். ஆக, எந்தக் கட்டத்திலும் செலவு செய்த உணர்வு வருவதில்லை. மலிவு என்ற வாதத்தின் அடித்தளமே இந்த மறதிதான்.

இடத்தின் விலையை யாரும் சேர்ப்பதில்லை. ஐந்தடிக்கு ஆறடி மூலை என்றால் 30 சதுர அடி. சதுர அடி பத்தாயிரம் ரூபாய் என்று கொண்டால், மரவேலைக்கு முன்பே மூன்று இலட்சம். அதே மூலையில் ஒரு படிப்பு மேசை நிற்கும், அல்லது ஊரிலிருந்து வரும் தாயாருக்கு ஒரு கட்டில் விழும். மரவேலை முடிந்தபின் அதில் எதை வைப்பது என்ற கேள்வி வரும். வைன் புட்டியைத் திறந்தால் சில நாள்களில் சுவை கெடும். கோடையில் 40 பாகையைத் தொடும் புணே வெயிலில், சன்னலோரக் கண்ணாடி அலமாரியில், மஞ்சள் விளக்கின் சூட்டில் அதைத் திறக்காமல் வைத்திருந்தாலும் கெடும். ஆண்டுக்கு நான்கு முறை நண்பர்களை அழைக்கும் ஒரு வீட்டுக்கு இரண்டு புட்டியும் ஆறு கண்ணாடிக் குவளையும் சமையலறை மேல்தட்டில் இருந்தாலே வேலை முடிந்துவிடும். அதற்கு மேல் கட்டப்படுவதெல்லாம் காட்சிக்கு. காட்சிக்குச் செலவிட எவருக்கும் உரிமை உண்டு. அதைச் சிக்கனம் என்று அழைப்பதுதான் பொருந்தவில்லை.

இரண்டாவது வாதத்தை இவ்வளவு எளிதில் தள்ள முடியாது. 2024 மே 19 அதிகாலையில் புணேயின் கல்யாணி நகரில் போர்ஷே கார் ஒன்று மோதி இளம் மென்பொறியாளர்கள் இருவர் உயிரிழந்தார்கள். காரை ஓட்டியதாகச் சொல்லப்பட்டவர் 17 வயதுச் சிறுவர். அதற்கு முன் மதுக்கூடங்களில் குடித்திருந்தார் என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு. முந்நூறு சொற்களில் கட்டுரை எழுதச் சொன்ன பிணை நிபந்தனையும், இரத்த மாதிரி மாற்றப்பட்டதாக எழுந்த வழக்கில் அரசு மருத்துவர்கள் கைதானதும் நாடெங்கும் பேசப்பட்டன. அதற்குப் பிறகு, குடிப்பவர் வீட்டிலேயே குடித்துவிட்டு வீட்டிலேயே உறங்கட்டும் என்ற குரல் இந்நகரில் வலுத்தது. அதில் நியாயம் இருக்கிறது. தனியாகக் குடிப்பவரைப் பொறுத்தவரை முழு நியாயம்.

ஆனால் வீட்டு பார் தனியாகக் குடிப்பவருக்காகக் கட்டப்படுவதில்லை. முக்காலிகள் நான்கு இருக்கின்றன. பாணேர் வீட்டில் விருந்து முடித்து ஹடப்சர் திரும்பும் நண்பர் நகரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வண்டி ஓட்டுகிறார். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற மோட்டார் வாகனச் சட்ட வரம்பு மதுக்கூடத்திலிருந்து திரும்புபவருக்கும் நண்பர் வீட்டிலிருந்து திரும்புபவருக்கும் ஒன்றே. மதுக்கூட வாசலில் வாடகை வண்டியும் காவல் சோதனையும் நினைவில் இருக்கும். நண்பர் வீட்டு வாசலிலோ 'இதோ பக்கத்தில்தானே' என்ற சொல்தான் நிற்கும். விபத்து புறப்படும் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

மூன்றாவது வாதம் பெண்களுடையது. பலரும் சொல்லத் தயங்குவது. மதுக்கூடத்தில் ஒரு பெண் அமைதியாக ஒரு கோப்பை அருந்திவிட்டு எழுந்து செல்வது நம் நகரங்களில் இன்னும் எளிதல்ல. பார்வைகள், தேவையற்ற பேச்சு, திரும்பும் வழி பற்றிய அச்சம், குடும்பத்துக்குத் தெரிந்துவிடுமோ என்ற கவலை எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. தமிழ்நாட்டு டாஸ்மாக் பாரில் இதைக் கற்பனை செய்யவும் முடியாது. ஆகவே தன் வீடு, தன் நாற்காலி, தன் அளவு என்பது பெண்ணுக்கு ஒரு விடுதலையாக இருக்கக்கூடும். இதை மறுப்பதற்கில்லை. தன் சம்பளத்தில் தனியாக வாழும் ஒரு பெண் தன் வீட்டு அலமாரியில் என்ன வைத்திருக்கிறார் என்பது வேறு எவருடைய வேலையும் அல்ல. ஆயினும் ஒட்டுமொத்தச் சித்திரம் வேறு. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) 15 வயதுக்கு மேற்பட்ட இந்திய ஆண்களில் ஏறத்தாழ 19 விழுக்காட்டினர் மது அருந்துகிறார்கள்; பெண்களில் ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவு. வீட்டுக்குள் கட்டப்படும் பார் பெரும்பான்மையான வீடுகளில் யாருக்காகக் கட்டப்படுகிறது என்பதற்குத் தனியாக ஆய்வு தேவையில்லை.

அரசுகள் இதை எப்படிப் பார்க்கின்றன என்பது தனி நகைச்சுவை. மகாராஷ்டிரத்தில் சீட்டு வைத்திருப்பவர் ஒரு நேரத்தில் 12 அலகு மட்டுமே வைத்திருக்கலாம். நான்கு தட்டு கண்ணாடி அலமாரியை நிறைக்கும் ஆசைக்கு அந்த அளவு போதாது. உத்தரப் பிரதேசம் 2021இல் வரம்புக்கு மேல் வைத்திருப்போருக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் கட்டணமும் 51,000 ரூபாய் வைப்புத்தொகையும் விதித்து வீட்டு உரிமம் கொண்டுவந்தது. உத்தராகண்ட் 2023இல் அதே வழியில் உரிமம் தந்தது. ஐந்தாண்டு வருமானவரிக் கணக்கு வேண்டும், மது விற்பனை இல்லாத நாள்களில் வீட்டு பாரும் மூடப்பட வேண்டும், 21 வயதுக்குட்பட்டவர் அப்பகுதிக்குள் வரக்கூடாது என்றெல்லாம் நிபந்தனைகள். வரவேற்பறை மூலைக்குள் வீட்டுப் பிள்ளைகள் நுழைவதை யார் காவல் காப்பது என்பதற்கு விதியில் இடமில்லை. எதிர்ப்புக் கிளம்பிச் சில நாள்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டது. தில்லியில் ஒரு வீட்டில் 132 புட்டிகள் கண்டெடுக்கப்பட்ட வழக்கை 2022இல் விசாரித்த உயர் நீதிமன்றம், அது கூட்டுக்குடும்பம், 25 வயதுக்கு மேற்பட்டோர் அறுவர் இருக்கிறார்கள், தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் வரம்பைத் தாண்டவில்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்தது. கணக்கு சரி. அந்த வகுத்தலில் குடிக்காத பாட்டிக்கும் ஒன்பது லிட்டர் பங்கு வந்துவிடும் என்பதைக் கவனித்தால் போதும். வீடு ஓர் அலகாக எண்ணப்படும்போது அதற்குள் இருப்போரின் விருப்பு வெறுப்புகள் இப்படித்தான் காணாமல் போகின்றன.

அந்தரங்க உரிமை பற்றிய வாதமும் இதே இடறலில்தான் விழுகிறது. பம்பாய்ச் சட்டத்தை 1960இல் மரபுரிமையாகப் பெற்று மதுவிலக்கைத் தொடரும் குஜராத்தில், நான்கு சுவருக்குள் குடிப்பதைத் தடுக்க அரசுக்கு என்ன உரிமை என்று கேட்டு வழக்குகள் தொடரப்பட்டன. 2017இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அவற்றுக்கு ஊன்றுகோல். அவ்வழக்குகள் விசாரணைக்கு உரியவையே என்று 2021 ஆகஸ்டில் குஜராத் உயர் நீதிமன்றம் ஏற்றது. காவலர் கதவைத் தட்டி முகர்ந்து பார்க்கும் அரசு எவருக்கும் வேண்டாம். மதுவிலக்கு என்ற பெயரில் ஏழைகளின் குடிசைகள்தாம் சோதனையிடப்படும் என்பது தமிழ்நாடும் பம்பாயும் கண்ட அனுபவம். ஆனால் அந்தரங்கம் தனிமனிதருக்கு உரியது. 'நான்கு சுவர்' என்று சொன்னவுடன் அது வீட்டுத் தலைவருக்கு உரியதாக மாறிவிடுகிறது. 2017 தீர்ப்பே இந்தப் பெண்ணிய விமர்சனத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. குடும்பநல ஆய்வின் இன்னொரு பக்கத்தைப் புரட்டினால் இந்த விமர்சனத்தின் எடை விளங்கும். அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவரைக் கொண்ட பெண்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். குடிக்காத கணவரைக் கொண்டோரில் அது ஏறத்தாழ 23. குடியே வன்முறையை உண்டாக்குகிறது என்று இந்த எண்களைக் கொண்டு மட்டும் நிறுவ முடியாது. குடிக்காதவர்களின் 23ஐயும் மறக்கலாகாது. எனினும் குடிக்கும் இடத்தைத் தெருவிலிருந்து வரவேற்பறைக்குக் கொண்டுவருவது எவருக்கும் தொடர்பில்லாத தனிமனிதத் தேர்வு என்று சொல்வதற்குமுன் ஒருமுறை நின்று பார்க்க வேண்டிய எண்கள் இவை.

மகாராஷ்டிரத்தில் இதற்கு நேரெதிரான ஒரு நடைமுறை உண்டு. தமிழ் வாசகர்களுக்கு அவ்வளவாகத் தெரியாதது. ஒரு கிராமத்திலோ நகர வட்டத்திலோ மதுக்கடை வேண்டுமா என்று மக்களே வாக்களித்து முடிவு செய்யலாம். பெண்கள் மட்டுமே வாக்களிக்கும் தேர்தலாகவும் அது நடக்கும். வாக்குச்சீட்டில் இரண்டு சின்னங்கள்: நிற்கும் புட்டி, படுத்த புட்டி. மராத்தியில் 'உபீ பாட்லி, ஆட்வி பாட்லி'. பதிவு பெற்ற பெண் வாக்காளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் படுத்த புட்டிக்கு முத்திரை குத்தினால் கடை மூடப்பட வேண்டும். வந்து வாக்களித்தவர்களில் பாதி அல்ல, பட்டியலில் இருப்பவர்களில் பாதி என்பதால் வெல்வது கடினம். ஆயினும் பல ஊர்களில் வென்றிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கும் புரியும்படி ஒரு கொள்கை முடிவை இரண்டு படங்களில் வைத்த அந்தச் சீட்டு, இந்நாட்டு மக்களாட்சியின் அரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று.

தெருவில் உள்ள கடையைப் பற்றிப் பெண்ணுக்கு ஒரு வாக்கு இருக்கிறது. வரவேற்பறையில் உள்ள கடையைப் பற்றி இல்லை. உள்ளக வடிவமைப்பாளர் வரைபடத்தை விரிக்கும்போது, அந்த மூலை என்னவாக வேண்டும் என்று மனைவியிடமும், பதினான்கு வயது மகளிடமும், உடன் வாழும் தந்தையாரிடமும் தனித்தனியே கேட்கப்படுகிறதா? அந்தக் கண்ணாடிக் குவளைகளை மறுநாள் காலை கழுவப்போகும் பெண்ணை விடுவோம். அவரிடம் வேறெதுவும் கேட்கப்படுவதில்லை. அவர் தம் குடியிருப்பில் படுத்த புட்டிக்கு வாக்களித்துவிட்டு வந்தவராகவும் இருக்கலாம்.

பெருந்தொற்று முடக்கத்தில் கடைகள் 2020 மே மாதம் திறக்கப்பட்டபோது நின்ற வரிசைகளும், அதையடுத்து மகாராஷ்டிர அரசு வீடு தேடி மது அனுப்ப அனுமதித்ததும் நினைவிருக்கும். வீட்டில் குடிப்பதன் கூச்சம் அப்போதுதான் பலருக்கு உடைந்தது. முடக்கம் போய்விட்டது, பழக்கம் நின்றுவிட்டது.

கல்விப்புலத்தார் இதைத் தம்மைத் தொடாத நடுத்தர வர்க்க விவகாரமாகப் படித்துவிட்டுக் கடந்துபோக வாய்ப்புண்டு. உண்மையில் இது அவர்களை மிக நெருக்கமாகத் தொடுகிறது. கருத்தரங்கு முடிந்த மாலை, ஆய்வேடு ஒப்படைத்த இரவு, வெளியூர் அறிஞர் வந்த சனிக்கிழமை என்று ஆசிரியர் வீட்டு அலமாரி திறக்கும் தருணங்கள் பல்கலைக்கழக வாழ்வில் குறைவல்ல. அங்கே நடப்பது வெறும் குடியல்ல. யாருடைய கட்டுரை எந்தத் தொகுப்பில் சேரும், எந்தத் திட்டத்துக்கு யார் உதவியாளர், எந்த வெளிநாட்டுப் பேராசிரியருக்கு யாரைப் பற்றி ஒரு வரி எழுதலாம் என்பன அந்த முக்காலிகளில் பேசப்படுகின்றன. குடிக்காத மாணவர், குடிப்பதைத் தம் சமூகம் எப்படிப் பார்க்கும் என்று அஞ்சும் மாணவர், இரவு பத்து மணிக்கு விடுதி திரும்ப வேண்டிய மாணவி, முதல் தலைமுறையாகப் படிக்க வந்து, தந்தையின் குடியால் வீடு உடைந்ததைப் பார்த்து வளர்ந்த மாணவர் ஆகியோர் அந்தப் பேச்சுக்கு வெளியே நிற்கிறார்கள். கடைசியில் சொன்னவர் 'கண்டிப்பானவர்', 'கலகலப்பில்லாதவர்' என்ற பெயரையும் சுமக்கிறார். மதுக்கூடமாக இருந்தால் வராமலிருக்கலாம், ஒரு சாக்குச் சொல்லி எழுந்துவிடலாம். வழிகாட்டியின் வீட்டில், அவரே கையால் ஊற்றி நீட்டும் கோப்பையை மறுப்பது எப்படி?

சட்டமும் இங்கே ஒரு சங்கடத்தை வைத்திருக்கிறது. மகாராஷ்டிரத்தில் கடும் மது அருந்தக் குறைந்த வயது 25. மென்பீருக்கும் வைனுக்கும் 21. முதுகலை மாணவர்கள் பெரும்பாலும் 21 முதல் 23 வயதினர். ஆய்வுப் பட்டத்தில் புதிதாகச் சேர்வோரிலும் பலர் 25ஐத் தொடாதவர்கள். தாராளமனம் படைத்த ஆசிரியர் தம் மாணவருக்கு விஸ்கி ஊற்றும்போது, அவரே வகுப்பில் கற்பிக்கும் சட்டம் அவர் வீட்டு அலமாரிக்கு முன்னால் நின்றுவிடுகிறது. 25 என்ற வரம்பு அபத்தமானது என்று வாதிடலாம். 18 வயதில் வாக்களிப்பவர் 25 வரை காத்திருப்பது விசித்திரம்தான். அந்த வாதத்தை மாணவர் வைக்கட்டும். அவருடைய மதிப்பெண்ணைக் கையில் வைத்திருப்பவர் வைப்பது அழகல்ல.

புணேயில் இந்தப் பேச்சு புதிதன்று. நகராட்சி உறுப்பினராக இருந்த சோதிராவ் புலே, ஊருக்குள் மதுக்கடை உரிமங்கள் பெருகுவதை எதிர்த்து 1880இல் நகராட்சிக்கு எழுதினார். 1908இல் திலகரின் ஆதரவாளர்கள் இதே ஊரின் மதுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். கல்வி முதல் சாதி வரை ஏறக்குறைய எல்லாவற்றிலும் முரண்பட்ட இரு அரசியல் மரபுகள் சந்தித்த அரிய புள்ளிகளுள் இது ஒன்று. எனினும் இரண்டின் கவலையும் ஒன்றல்ல. திலகர் தரப்புக்கு அது ஆங்கில அரசின் வருவாய்க்கு எதிரான போர். புலேயின் அக்கறை உழைக்கும் குடும்பங்களின் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது. தமிழில் 'குடி' என்ற ஒரே சொல் மதுவையும் குடும்பத்தையும் குறிக்கிறது. புட்டியின் மேல் அச்சிடப்பட்டுத் தேய்ந்துபோன அந்தப் பழமொழியை இன்று யாரும் படிப்பதில்லை என்றாலும், அதில் வரும் இரண்டாவது 'குடி'யைப் பற்றித்தான் புலே கவலைப்பட்டார். அவருடைய வாழ்க்கைத்துணை சாவித்திரிபாயின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகம் இவ்வூரில் இருப்பதால், இங்குள்ள ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் இந்த வேறுபாட்டை நினைவில் வைத்திருப்பதற்குக் கூடுதல் காரணம் உண்டு.

எவரும் குடியை விட்டுவிட வேண்டும் என்பதல்ல இங்கு கோரிக்கை. குடிப்பவர் குடிக்கட்டும், வேண்டுமானால் இரண்டு புட்டி வாங்கி மேல்தட்டில் வைத்துக்கொள்ளட்டும். மாணவர்களுடனான மாலைகளை மட்டும் வீட்டு மூலையிலிருந்து வெளியே கொண்டுவரலாம். அதற்குப் புணேயில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஃபெர்குசன் கல்லூரிச் சாலையில் வைஷாலியும் ரூபாலியும் இருக்கின்றன, டெக்கன் ஜிம்கானாவில் 1935 முதல் குட்லக் இருக்கிறது, தெருவுக்குத் தெரு அம்ருத்துல்ய தேநீர்க் கடைகள் இருக்கின்றன. எதிர் நாற்காலியில் இருப்பவர் யாருடைய வழிகாட்டி என்பது பரிமாறுபவருக்குத் தெரியாது. தேநீரை மறுப்பவர் ஏன் மறுத்தார் என்று எவரும் கேட்பதில்லை. ஒன்பதரை மணிக்கு எழுந்து விடுதிக்குப் பேருந்து பிடிக்கப் போகிறவர், மேசையில் தம் பங்குப் பணத்தை வைத்துவிட்டுப் போகலாம்.